எழுதித் தராத அரைக்காணி

2007இல் என் நிலத்தை மனை போடுபவருக்கு விற்றேன். அதில் உழைத்த மூன்று குடும்பங்களுக்கு அரைக்காணி எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன், எழுதித் தரவில்லை. ஐப்பசி கார்த்திகையில் அங்கே தண்ணீர் எங்கே தேங்கும், எந்த வழியாக வடியும் என்பது எனக்குத் தெரியும். மனை பார்க்க வந்தவர்கள் கேட்டபோது சொல்லவில்லை. 2015 டிசம்பரில் அந்த மனைகளில் கட்டிய வீடுகள் மூழ்கின. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் நான் வாய் திறக்கவில்லை. இதையெல்லாம் செய்தவன் ஒரு போதகன். பிரசங்க பீடத்திலிருந்து இறங்கி ஏர் பிடித்ததை இறைப்பணி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டவன்.

ஊரின் பெயரை எழுதவில்லை. தாம்பரத்துக்கு மேற்கே, மணிமங்கலத்துக்கும் முடிச்சூருக்கும் நடுவில் உள்ள பூமி அது. அங்கே குடியிருக்கிறவர்கள் தங்கள் தாய்ப் பத்திரத்தில் என் பெயரைப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு இது யாரென்று தெரியும்.

என் தாத்தா திருமங்கலம் பக்கத்தில் அமெரிக்கன் மதுரை மிஷனில் உபதேசியாராக இருந்தவர். 1834இல் மதுரைக்கு வந்த அந்த மிஷனரிகளில் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் சபைக்காரர்கள். அவர்களுக்குப் பேராயர் கிடையாது. மேலிடத்திலிருந்து உத்தரவு வராது. ஒவ்வோர் ஊர்ச் சபையும் தானே கூடிப் பேசி, கை தூக்கித் தீர்மானிக்க வேண்டும். போதகரும் அந்தக் கூட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். மிஷன் காலத்தில் பணப்பெட்டியின் சாவி வெள்ளைக்காரர் கையில் இருந்ததால் இது எவ்வளவு தூரம் நடந்தது என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனாலும் கூலி வேலை செய்கிற பெண் ஒருத்தி, சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று போதகரிடம் கணக்குக் கேட்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் எங்கள் குடும்பத்துக்கு வந்தது. 1908இல் அந்தச் சபைகள் பிரஸ்பிட்டேரியன் சபைகளோடு இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உண்டானது. அதன் பிறகு எங்களுக்கும் பேராயர்கள். ஆனால் தாத்தா வீட்டில் சாகும்வரை எதையும் தனியாக முடிவு செய்ததில்லை. மாடு விற்பதென்றாலும் பாட்டியையும் பிள்ளைகளையும் உட்கார வைத்துக் கேட்பார் என்று அப்பா சொல்வார்.

அப்பா ரயில்வேயில் சேர்ந்து தாம்பரம் வந்தார். வீட்டிலிருந்து கிறித்தவக் கல்லூரிக் காடு நடக்கும் தூரம். கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து அங்கே மாறியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு அந்தப் புது வளாகத்தில் கூடியது. ஜப்பானிலிருந்து கிறித்தவத் தலைவர் ககாவா வந்தார். மாநாடு என்றால் இன்றும் இறையியல் விவாதங்களைத்தான் சொல்வார்கள். அங்கே பேசப்பட்ட இன்னொரு விஷயம் என்னை வெகுகாலம் பிடித்துக்கொண்டிருந்தது: போதகருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத கிராமத்துச் சபை, வெளிநாட்டுப் பணம் நின்றுபோனால் எப்படிப் பிழைக்கும் என்ற கேள்வி.

அதற்கு என் மனதில் இருந்த பதில் ஒரு மனிதர். ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான். 1925இல் மதுரை மிஷனுக்கு வந்த அமெரிக்கக் காங்கிரிகேஷனல் போதகர். காந்தியிடம் ஈடுபாடு வந்து கதர் கட்டினார். 1930இல் காந்தியின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுபோய்க் கொடுத்த ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞரைத் தன் வீட்டில் தங்க வைத்தார். அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை, நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தார். 1944இல் மறுபடியும் வெளியேற்றினார்கள். விடுதலையை ஒட்டி மறுபடியும் வந்தார். பங்களாவை விட்டுவிட்டுக் கிராமத்தில் குடியிருந்தார். காந்திகிராமம் உருவானபோது கூட நின்றார். பூதான இயக்கத்திலும் பிறகு லாஃப்டி அமைப்பிலும் நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதில் வாழ்க்கையைச் செலவிட்ட ஜெகந்நாதனுக்கு இளமையில் துணையாகவும் வழிகாட்டியாகவும் இருந்தவர் இவர்தான். 1984இல் இறந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் நான் படித்த நாட்களில் இவர் பெயரைச் சொன்னாலே எங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். நானும் இப்படி ஆவேன் என்று தீர்மானித்துக்கொண்டேன். அந்தத் தீர்மானத்தை நிறையப் பேரிடம் சொன்னேன். சொல்லச் சொல்லப் பாதி ஆகிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

குருப்பட்டம் பெற்றதும் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராமப் பாஸ்டரேட்டுக்கு அனுப்பினார்கள். இந்த மாவட்டத்தில் சபையின் கதையும் நிலத்தின் கதையும் ஒன்றாகவே ஓடுகின்றன. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர், பறையர் மக்களுக்கு நிலம் கிடைக்காமல் மிராசுதாரர்கள் எப்படித் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்ததுதான் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஏற்பாடு. மாகாணம் முழுவதும் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். அந்த நிலத்தை வேறு வகுப்பாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. அந்தக் காலத்தில் செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் கவுடி போன்றவர்கள் இதற்காக வாதாடினார்கள். ஆண்ட்ரூ அத்தோடு நிற்காமல் நிலம் பெற்று ஜனங்களைக் குடியேற்றினார். மெல்ரோசாபுரம் அப்படி வந்த ஊர். வேதம் சொல்ல வந்தவர் நிலத்தை அளந்து வேலியடைத்துக் கிணறு வெட்டும் வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டார்.

நூறு ஆண்டு கழித்து நான் வந்தபோது என் சபையார் பலருடைய தாத்தாக்களிடம் இருந்த பஞ்சமி நிலம் யார் யார் கையிலோ இருந்தது. கடனுக்குப் போனது, கைநாட்டில் போனது, சாராயத்தில் போனது. 1994 அக்டோபர் 10 அன்று காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த ஞாயிறு நான் நாபோத்தின் திராட்சத் தோட்டத்தைப் பிரசங்கித்தேன். குடிமகன் ஒருவனின் பிதிரார்ஜித நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட ஆகாப் ராஜாவைக் குறித்து அன்றைக்குப் பேசிய மாதிரி நான் என்றுமே பேசியதில்லை. ஜனங்கள் அழுதார்கள். எனக்கும் கண்ணீர் வந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை. அதனால்தான் பிற்பாடு செய்தது கூடுதலாக வலிக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்குள் ஊழியத்தை விட்டேன். கெய்த்தானையும் ஆண்ட்ரூவையும் காரணமாகச் சொன்னேன். பாதி உண்மை. மறு பாதியை இப்போதுதான் எழுதுகிறேன். எனக்கு ஜனங்களின் துன்பத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ராத்திரி ஆள் வந்து, கிழவிக்கு மூச்சு இழுக்கிறது ஐயரே, ஜெபம் பண்ண வாங்க என்று கதவைத் தட்டினால் உள்ளே எரிச்சல் மூண்டது. கமிட்டித் தேர்தல் சண்டை, கல்லறை இடத்துக்கான சண்டை, கணவனிடம் அடிபட்டு வந்து நிற்கும் பெண். எல்லோருக்கும் நான் தேவைப்பட்டேன், எனக்கு அவர்கள் தேவைப்படவில்லை. மண்ணுக்கு வாய் கிடையாது என்ற எண்ணமே ஆறுதலாக இருந்தது. நான் நிலத்தை நோக்கிப் போனேன் என்று சொல்வதைவிட மனிதர்களிடமிருந்து ஓடினேன் என்பதுதான் சரி.

நிலம் ஒரு வயதான விவசாயியுடையது. அவர் பிள்ளைகள் மடிப்பாக்கத்திலும் பல்லாவரத்திலும் குடியேறிவிட்டார்கள். கேட்டவர்கள் பலர் இருந்தும், ஐயர் பயிர் வைப்பார், பாழாக விடமாட்டார் என்று விலையைக் குறைத்துக்கொண்டு எனக்குக் கொடுத்தார். அப்பாவின் ஓய்வுப் பணமும் என் மனைவியின் நகையும் அதில் போயின. ஏரிப் பாசனம், அத்தோடு ஒரு கிணறு. மணிமங்கலம் பக்கத்து நீர்நிலைகள் இன்று நேற்று வந்தவை இல்லை. நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கியப் புலிகேசியோடு மோதிய மணிமங்கலம் இதுதான். கூரம் செப்பேட்டில் இந்தப் போர் பதிவாகியிருக்கிறது. ஆதனூர், மணிமங்கலம் என்று ஏரிக்குப் பின் ஏரியாக நிரம்பி வழிந்த தண்ணீர்தான் கீழே கூடி அடையாறாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் நடுவில் என் கழனி.

என்னோடு அதில் இறங்கியவை மூன்று குடும்பங்கள். இரண்டு வீட்டார் என் பழைய சபையார்; ஒரு வீட்டார் அம்மன் கோயில் கும்பிடுகிறவர்கள். எனக்கு எதுவும் தெரியாது. நாற்றங்காலில் விதையை எவ்வளவு அடர்த்தியாகத் தெளிப்பது, சேடை ஓட்டிய பிறகு தண்ணீரை எவ்வளவு வைப்பது, அண்டை வெட்டும்போது மண்வெட்டியை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று எல்லாம் அவர்கள் சொல்லித் தந்தது. சொர்ணவாரிக்கு ஏ.டி.டி. 37 போடுவோம், குண்டு நெல், இட்லிக்கு நல்ல விலை போகும். சம்பாவுக்குப் பாபட்லா. கிணற்றில் தண்ணீர் இருந்தால் நவரை. வரப்பில் துவரையும் வெண்டையும். காய்கறியை அதிகாலையில் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குச் சைக்கிளில் கொண்டுபோவார்கள். நடவு நாளில் பெண்கள் குனிந்து பின்னோக்கி நகரும் வேகத்துக்கு என்னால் நாற்றுக் கட்டைக்கூட எடுத்துப் போட முடியாது. முதல் ஆண்டு என் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். பெரியவர் ஒருவர் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிவிட்டார். ஞானஸ்நானத்தின்போது நான் பெயர் சூட்டிய பிள்ளையின் தாத்தா அவர்.

அந்த ஆண்டுகளில் நான் செய்த ஒரே நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். அறுவடை முடிந்ததும் களத்தில் எல்லோரும் வட்டமாக உட்காருவோம். ஆணும் பெண்ணும். அடுத்த போகம் என்ன போடுவது, யாருக்கு எவ்வளவு நெல், டிராக்டர் வாடகையை எப்படிப் பிரிப்பது என்று பேசிக் கை தூக்கி முடிவெடுப்போம். தாத்தாவின் சபைக் கூட்டத்தைக் களத்துக்குக் கொண்டுவந்ததாக எனக்குள் பெரிய நிறைவு. ஒருமுறை நான் சொன்னது தோற்றது. யூரியாவை அடியோடு நிறுத்த வேண்டும் என்றேன். ஒரு பெண் எழுந்து, விளைச்சல் குறைஞ்சா உங்க வூட்டு அடுப்பு அணையாது ஐயரே, எங்களுது அணையும் என்றாள். தீர்மானம் அவள் பக்கம் போனது. போக வேண்டியதுதான். பாதி நிலத்தில் மட்டும் தொழுவுரம் போட்டுப் பார்த்தோம்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் நான் அந்த வாக்கைக் கொடுத்தேன். இந்த நிலத்தில் அரைக்காணி உங்கள் மூன்று வீட்டின் பெயரில் எழுதித் தருகிறேன் என்றேன். எங்கள் பக்கம் ஒரு காணி என்பது 1.32 ஏக்கர், அரைக்காணி 66 சென்ட். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னது. பஞ்சமி நிலத்தை இழந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் போதகன் என்ற படம் அப்போது என் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பத்திரச் செலவுக்குப் பணம் வரட்டும், அடுத்த தை மாதம் பதியலாம் என்றேன். தை வந்தது, போனது. கிணற்று மோட்டார், மகன் காலேஜ் ஃபீஸ் என்று ஒவ்வொரு தைக்கும் ஒரு காரணம் இருந்தது. அவர்கள் நினைவுபடுத்தவே இல்லை. ஐயர் சொன்னார் என்பதே அவர்களுக்குப் பத்திரமாக இருந்தது.

பிறகு விலை ஏறியது. ஒரகடத்தில் கம்பெனிகள் வந்தன, கூலிக்கு ஆள் குறைந்தது, வண்டலூரிலிருந்து வெளிவட்டச் சாலை வரப்போகிறது என்று பேச்சு. ஏரியின் கீழ்மடைக் கழனிகளில் ஒவ்வொன்றாகக் கல் நட்டுக் கலர்க் கொடி கட்டினார்கள். எனக்கு முடை என்று எதுவும் இல்லை. கடன் கொஞ்சம் இருந்தது. இரண்டு போகத்தில் அடைந்திருக்கும். என் மனைவி விற்கச் சொல்லவில்லை. அவளைக் காரணம் காட்டி அன்றைக்குச் சிலரிடம் பேசியிருக்கிறேன், அதுவும் பொய். புரோக்கர் ஒரு தாளில் சென்ட் விலையையும் மொத்தத் தொகையையும் எழுதிக் காட்டியபோது என் கை நடுங்கியது. அன்று இரவு நான் ஜெபித்தேன், வழி காட்டும் என்று. நான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். செய்த முடிவுக்குக் கடவுளின் கையெழுத்தை வாங்கத்தான் முழங்காலில் நின்றேன்.

களத்தில் கூட்டம் கூட்டவில்லை. கூட்டினால் அந்தப் பெண் எழுந்து நிற்பாள் என்று தெரியும். அட்வான்ஸ் வாங்கி, பவர் பத்திரம் எழுதிக் கொடுத்து, பதிவு முடிந்த பிறகுதான் சொன்னேன். நவரைக்கு நாற்று விட்டிருந்தார்கள். அறுவடை வரைக்கும் பொறுக்கச் சொல்லி மனை போடுபவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செம்மண் லாரி வந்து நாற்றங்காலின்மேல் கொட்டியது. அரைக்காணியைப் பற்றி ஒருவரும் வாயெடுக்கவில்லை. நான் ஆளுக்கு ஒரு கவர் கொடுத்தேன். அந்த 66 சென்ட்டுக்கு அன்றைக்கு வந்த விலையில் அது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வாங்கிக்கொண்டார்கள். பெரியவர் மட்டும், ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஐயரே என்றார். நான் பதில் பேசாமல் வண்டியை எடுத்தேன்.

இனி வடிகால். நிலத்தின் வடகிழக்கு மூலை மற்ற இடத்தைவிடப் பள்ளம். மேலே உள்ள வயல்களின் மிகைநீரெல்லாம் அங்கே வந்து சேர்ந்து, வரப்பை ஒட்டி ஒரு வடிகால் வழியாகக் கிழக்கே ஓடும். அது பட்டா நிலத்துக்குள் ஓடியதால் அரசாங்கத்தின் புல வரைபடத்தில் அதற்குக் கோடு கிடையாது. அங்கே பயிர் செய்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆவணி புரட்டாசியில் ஆள் விட்டுத் தூர்வாருவோம். ஒரு வருஷம் தவறினால்கூட ஐப்பசி மழையில் பயிர் கழுத்தளவு முங்கும். மனை போடுபவர் என்னிடம், தண்ணி நிக்குமா சார் என்று கேட்டார். மழைக்குக் கொஞ்சம் நிக்கும், வடிஞ்சிடும் என்றேன். வடிவது அந்த வடிகால் இருப்பதால்தான் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் நாலைந்து மனை இடத்தை விட்டுக் கால்வாய் எடுக்க வேண்டும். விலை குறையும்.

ஞாயிறுகளில் வேனில் ஆட்களைக் கூட்டி வருவார்கள். பாஸ்டர் நிலம், ஒரு வில்லங்கமும் இல்லை என்பது ஏஜெண்டுகள் சொன்ன வாக்கியம். ஒருநாள் நான் அங்கே போயிருந்தபோது இளம் தம்பதியர் என்னிடமே வந்தார்கள். அந்தப் பெண் அப்போது கர்ப்பமாக இருந்தார். நீங்கதான் இங்க விவசாயம் பண்ணீங்களா ஐயா, மழையில வெள்ளம் வருமா என்று கேட்டார். வடகிழக்கு மூலையை ஒட்டிய மனை அவர்களுடையது. இந்தப் பக்கம் எல்லா இடத்திலும் கொஞ்சம் வரும்மா, பயப்படாதீங்க என்று சொன்னேன். ஆசீர்வாதம் பண்ணுங்க ஐயா என்று தலை குனிந்தார். கை வைத்து ஆசீர்வதித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

2015 நவம்பர் நடுவிலேயே முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. சென்னை வெள்ளம் என்றால் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பைத்தான் பேசுவார்கள். அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேருவது கீழே, திருநீர்மலைப் பக்கம். எங்கள் பக்கத்தை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் மிகைநீரும், போக வழியில்லாமல் செம்மண்ணுக்கு அடியில் புதைந்த இதுபோன்ற நூறு வடிகால்களும். என் நிலத்து மனைகளில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். உயிர்ச்சேதம் இல்லை, அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்ல முடியவில்லை, சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

நான் நிவாரணத்துக்குப் போனேன். மார்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டும் ரொட்டியும் சுமந்தேன். மாடியில் நின்று அந்தத் தம்பதியர் கயிறு கட்டிய வாளியை இறக்கினார்கள். அவர்கள் பிள்ளை எட்டிப் பார்த்தது. ரொம்ப நன்றி ஐயா என்றார்கள். தண்ணீர் வடிந்த பிறகு ஒரு கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஓய்வு பெற்ற வயதிலும் இறங்கி உழைத்த போதகர் என்று பேசினார்கள். மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஏரிகளை ஆக்கிரமித்த பேராசையைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டினார்கள்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. என் நிலத்தில் மனை வாங்கியவர்கள் வரன்முறைப்படுத்த மறுபடியும் பணம் கட்டினார்கள். அதற்கான காகிதங்களோடு ஒருவர் என்னைத் தேடி வந்தார், பழைய அடங்கல் நகல் ஏதாவது இருக்கிறதா என்று. கொடுத்தேன். அவர் போன பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வடிகால் விஷயம் அவளுக்கு அதுவரை தெரியாது. அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, முதலில் களத்தில் உட்கார்ந்தவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்றாள்.

போனேன். பெரியவர் இறந்துவிட்டார். அவருடைய அடக்க ஆராதனைக்குக்கூட நான் போகவில்லை, முகம் பார்க்கப் பயந்து. அவர் மகன் ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மற்ற இரண்டு வீட்டில் ஒன்று ஊரைவிட்டுப் போய்விட்டது. விசாரித்து அவர்களையும் பார்த்தேன். யூரியாவுக்காக எழுந்து நின்ற அந்தப் பெண் இப்போது முடிச்சூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்குகிறாள். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. அவள் ஒரு கேள்வி கேட்டாள்: அன்னிக்குக் கூட்டம் போட்டு, வித்துட்டு ஆளுக்கு இவ்ளோன்னு பேசியிருந்தா நாங்க ஒத்துக்கினு இருப்போமே, ஏன் ஐயரே மறைச்ச? என் வாழ்நாளில் அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான். மறைத்ததற்குக் காரணம், கூட்டம் போட்டால் அரைக்காணியின் முழு விலையையும் கொடுக்க நேரும் என்பதே. அதை அப்படியே சொன்னேன்.

கெய்த்தானிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது கதரை மட்டும்தான் என்று இப்போது புரிகிறது. அவர் இரண்டு முறை நாடு கடத்தப்பட்டது, தன்னால் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் பக்கம் பகிரங்கமாக நின்றதால். எனக்கு வந்த சோதனை அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வேனில் வந்த பெண்ணிடம், வேண்டாம்மா, இங்கே தண்ணீர் நிற்கும் என்று சொன்னால் போதுமாயிருந்தது. ஆண்ட்ரூ வெளிநாட்டுக்காரர், நிலம் அவருக்குச் சொந்தமில்லை, விட்டுக்கொடுப்பது எளிது என்று ஒரு காலத்தில் நான் வாதாடியிருக்கிறேன். எளிதோ கடினமோ, அவர் குடியேற்றினார், நான் கிளப்பிவிட்டேன்.

மனைகளில் இருப்பவர்களிடமும் சொல்லியாயிற்று. சிலர் திட்டினார்கள். ஒருவர் வழக்குப் போடுவேன் என்றார். போடட்டும், நான் மறுக்கப்போவதில்லை. அந்தத் தம்பதியர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், போனில் சொன்னேன். அந்தப் பெண்ணின் கணவர் பதில் பேசாமல் வைத்துவிட்டார். பழைய வடிகால் எந்த மனைகளின் அடியில், எந்தத் தெருவின் குறுக்கே ஓடியது என்பதை வரைந்து குடியிருப்போர் சங்கத்திடம் கொடுத்திருக்கிறேன். கிராம சபையில் எழுந்து நின்று சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னேன். ஏற்றினார்கள். இரண்டு தெருச் சந்திப்பில் சாலைக்கு அடியில் குழாய் பதித்தால் பள்ளத்தின் தண்ணீர் பாதியாவது கிழக்கே போகும். வாய்க்காலைத் திரும்ப வெட்ட வேண்டும் என்றால் இரண்டு காலி மனைகளை எடுக்க வேண்டும். அவற்றின் சொந்தக்காரர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

நிலம் விற்ற பணத்தில் பெரும் பகுதி சேலையூரில் ஓர் அடுக்குமாடி வீடாக நிற்கிறது. அந்த வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வங்கியில் இருந்ததை மூன்று குடும்பங்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டோம். அரைக்காணியின் அன்றைய விலைக்கே அது போதாது, இன்றைய விலையைப் பேசவே வேண்டாம். வீட்டை விற்று மீதியைக் கொடுத்துவிட்டு வாடகைக்குப் போகலாம் என்பதில் மனைவிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வீடு மகன் பெயரிலும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா செய்த தப்புக்கு நான் ஏன் வீட்டை இழக்க வேண்டும் என்று கேட்கிறான். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இந்தத் தடவை மறைக்காமல், மூன்று குடும்பத்தாரையும் அவனையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். வருகிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் இன்னும் சொல்லவில்லை.